கிரவுண்டு ஒன்றுக்கு இருபத்தொரு காசு!

"ஏம்மா, நீங்க பேப்பர் படிக்கிறவங்கதானே? கிண்டியில குதிர ஓடுற மைதானத்துக்கு வருஷ வாடகையே அறுநூறு ரூபாதானாமே, மெய்யாலுமா?"

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நெத்திலியை நிறுத்துக்கொண்டே ஆயா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெய்தான். துல்லியமாகச் சொன்னால் 614 ரூபாய் 13 அணா!

கிண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பரந்து கிடக்கிற அந்தச் சர்க்கார் நிலம் 160 ஏக்கருக்கும் கொஞ்சம் கூடுதல். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2,900 கிரவுண்டு. வாடகையை வகுத்துப் பார்த்தேன்: கிரவுண்டு ஒன்றுக்கு வருஷத்துக்கு 21 காசு. சென்னையில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வருமா, அழுகை வருமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அங்கே பந்தயம் 1777-லிருந்து நடந்து வந்தது. குத்தகைப் பத்திரம் 1946-ல் எழுதப்பட்டது. 1945-லிருந்து கணக்கிட்டு 99 ஆண்டுகள்! நியாயமாகப் பார்த்தால், அன்று அந்த 614 ரூபாயும் அற்பமான தொகையல்ல. அதைக் கொண்டு பெண்ணுக்கு ஏழெட்டுச் சவரன் நகை பண்ணிப் போட்டிருக்கலாம். இன்று குன்றிமணி எடைத் தங்கம்கூட வாங்க முடியாது. தங்கம் ஏறிற்று, புளி ஏறிற்று, பால் ஏறிற்று. அந்தப் பத்திரத்திலிருந்த எண் மட்டும் அசையவே இல்லை.

"பத்திரத்தில் உள்ளபடிதானே கொடுக்கிறோம்? 2044 வரை கெடு இருக்கிறதே!" என்பது சென்னை ரேஸ் கிளப்பின் வாதம். கையெழுத்துப் போட்டது சர்க்காரும்தானே என்று நமக்கும் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் சர்க்காரோ 1970-லிருந்து சந்தை மதிப்புக்குத் தக்க வாடகை கேட்டு, பாக்கி 730 கோடியே 86 லட்ச ரூபாய் என்று நோட்டீஸ் கொடுத்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணம் வந்தபாடில்லை. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்துச் செய்து, மைதானத்தைச் சீல் வைத்துவிட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால், ஊட்டியிலும் இதே கிளப்பிடமிருந்து 52 ஏக்கரை மீட்டிருந்தார்கள். அங்கே குத்தகைக் கெடு 1978-லேயே தீர்ந்துபோய்விட்டது என்பதுதான் வேடிக்கை!

இதில் சூதாட்டப் பேச்சைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. இங்கே தகராறு குதிரையைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. லாயத்தில் குதிரை தேய்த்துப் பிழைத்தவர்களை நினைத்தால் மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. பத்திரம் எழுதிய கையை அவர்கள் கண்டார்களா, பாவம்!

மீட்ட நிலத்தை என்ன செய்வதாம்? 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று 2024 அக்டோபரில் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தார்கள். மழை வெள்ளத்தைத் தேக்கக் குளங்கள் வெட்டுவதென்றும் ஏற்பாடு. அதற்குள் கிளப் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிற்று. மைதானத்துக்குள்ளேயே கோல்ஃப் திடல் வைத்திருக்கும் ஜிம்கானா கிளப்பும் போயிற்று.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை ஆயா தராசைக் கீழே வைக்கவில்லை. கோடிக் கணக்கு எதுவும் அவள் காதில் ஏறினதாகத் தெரியவில்லை. குளம் என்றதும்தான் நிமிர்ந்தாள்.

"எம் பொண்ணு வேளச்சேரியிலதாம்மா கட்டிக் குடுத்திருக்கு. 2015-ல மெத்த மேல ஏறி நின்னாங்க. மிச்சாங் புயல்லயும் அதே கதி. அந்தக் குளம் வெட்டினா அவ வூட்ல தண்ணி வராதா?"

"கொஞ்சமாவது குறையும் என்கிறார்கள், ஆயா."

"எப்ப வெட்டி முடிப்பாங்களாம்?"

கோர்ட்டு விவகாரம், நான் என்ன பதில் சொல்வது? பையை நீட்டினேன். நெத்திலியைக் கொட்டிவிட்டு, கொசுறாக இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.