லிப்ரே ஆபீஸைப் புதுப்பிப்போர்க்கு

தில்லியில் நம்மவர் சிலர் பழைய கணினியில் டெபியன் லினக்ஸை ஏற்றி, பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் ஊர்க் கடிதங்களையும் லிப்ரே ஆபீஸில் எழுதி வருகின்றனர். (சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் அளித்த பாஸ் லினக்ஸுக்கும் மூலம் டெபியனே.) 'ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளையோடு புதுப்பித்தல் முடிந்ததென அவர்கள் எண்ணுவதை நாம் கண்டிருக்கிறோம். அது பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். புதிய கால அட்டவணை வந்ததனால் வண்டி வந்துவிடுமா? அடுத்து 'ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால்தான் மென்பொருள் மாறும். இதைத் தவறவிட்டால், பிறர் அனுப்பிய கோப்பைத் திறந்த மாத்திரத்தில் தீங்கு புகக்கூடிய ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும்.

இரண்டையும் செய்த பின்னும் பதிப்பெண் பழையதாகத் தோன்றினால் கலங்க வேண்டா. டெபியனின் நிலைப்பதிப்பு பெரிய மாற்றங்களைத் தவிர்த்துப் பிழைகளைத் திருத்துவதே வழக்கம். புதிய வசதிகளை விரும்புவோர் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தைச் சேர்க்கலாம். ஆவணங்களை முன்னதாகப் பென் டிரைவில் படியெடுத்துக் கொள்க.