மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி

நுரைச்சோலை என்னும் பெயரைக் கேட்ட அளவில், கடல்நுரையும் மரச்செறிவும் ஒருங்கே விளங்கும் ஓரிடத்தைப் புலவர் உள்ளம் கற்பனை செய்யும். வந்து பார்ப்போர் காண்பது வேறு. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, இடையே மணல். அம்மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. தோட்டந்தோறும் ஒரு கிணறு, நீரிறைக்க ஒரு பொறி. எல்லாவற்றுக்கும் மேலாக, 900 மெகாவாற் நிலக்கரி மின்னிலையத்தின் புகைபோக்கி. ஆசிரியத் தொழில் காரணமாக இவ்வூரில் வந்து குடியமர்ந்தவன் நான். எங்கள் வளவின் மரமுந்திரிகை நிழலிற் பத்தாண்டுகள் அசையாது கிடந்த ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தேன். தமிழ்ப் பண்டிதனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என நகைப்போர் நகைக்க.

அது என் தந்தையாரின் வண்டி. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமுக்கு அணித்தாயுள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வகை. நான்கு உருளைகள், 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. யாழ்ப்பாணத்தில் அதனை வாடகைக்கு ஓட்டியே தந்தையார் எங்களை வளர்த்தார். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்கே பெற்றோல் செல்வது தடைப்பட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகள் ஓய்ந்துவிடவில்லை. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அக்காலத்து எஞ்சின்கள் கலவையை மிகுதியாக அமுக்குவதில்லை. ஆதலால் அந்தத் தாழ்ந்த எரிபொருளையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. புதிய வண்டிகள் நின்றுபோன தெருக்களிற் கிழட்டு வண்டிகள் நோயாளரையும் மணமக்களையும் சுமந்து திரிந்தன. அவற்றின் புகையும் நெடியும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் எவர்க்கும் மறவா.

எனக்கு மட்டும் அந்நெடி வெறுப்பைத் தந்தது. பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞன் நான். தந்தையார் வீட்டினுட் புகுந்தால் நூலைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். அவர் கையாள் ஒருவனுமின்றி வண்டியின் கீழ்ப் படுத்துக்கிடந்த இரவுகளில், “தம்பி, அந்த விளக்கைக் கொஞ்சம் பிடி” என்று அழைத்ததுண்டு. நான் போனது சில தடவையே.

2012இல் அவர் காலமானார். விற்க மனம் வரவில்லை. வண்டியை லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். கடற்காற்றின் உப்பு தகட்டைத் தின்றது. எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிபொருள் இன்மையால் நாடு நிலைகுலைந்து பாடசாலைகளும் மூடப்பட்டிருந்த நாள்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகள், உயர்தரத்திற் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். நான் மறுத்தேன். தமிழும் வரலாறும் கொண்ட கலைப்பிரிவே அவளுக்கு ஏற்றதென முடிவு செய்து வைத்திருந்தவன் நான். இத்தனைக்கும், வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்ற கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை (1893–1974) வகுப்பறையில் எத்தனை முறை புகழ்ந்திருப்பேன்! பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது.

அவள் வாதாடவில்லை. மறுநாட் காலை வண்டியின் முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றாள். அயலிலே ஒரு நானா வெங்காயம் செய்கிறார். 1990 ஒற்றோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பத்தவர். அவருடைய நீரிறைக்கும் பொறியும் பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடுவதே. அதனைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் அருகிருந்து பார்த்துப் பழகியவள் என் மகள் என்பதை அன்றுதான் அறிந்தேன். “அப்பா, அந்தச் சாவியைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள்” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் கையாள்.

எரிபொறித் துளைகள் நான்கிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டோம். பத்தாம் நாள் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்து இருவருமாகத் திருக, உள்ளே ஏதோ முனகி நெகிழ்ந்தது. பின்பு தலைப்பகுதியைக் கழற்றினோம். பிஸ்ரன்களின் மேல் அடைபோற் கரி படிந்திருந்தது. (பிஸ்ரனைப் பாடநூல்கள் முசலம் என்கின்றன. முசலமாவது உலக்கை. உரலில் உலக்கை போல உருளையில் ஏறி இறங்குவதால் அப்பெயர் பொருந்தும் என்று விரித்துரைக்கத் தொடங்கினேன். “உலக்கையைத் துடையுங்கள் அப்பா” என்றாள்.) முற்றாக எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், அதனாற் சுழல்தண்டின் தாங்கிகள் தேயும் என விளக்கினாள். தேய்ந்துதான் இருந்தன. தந்தையார் ஓட்டிய ஒவ்வோர் ஆண்டும் அவ்வுலோகத்தில் இருந்தது.

பக்கத்து மூடியைக் கழற்றியபோது, எண்ணெய் கசியாதிருக்க இடையில் வைத்திருந்த அட்டை வெளிப்பட்டது. கடையில் வாங்கிய தக்கைத் தகடு அன்று. கையால் வெட்டிய தடித்த அட்டை. அதனைச் சுரண்டி எறியக் கத்தியை எடுத்தவள் நிறுத்தினாள்.

“அப்பா, இதில் எழுத்து இருக்கிறது.”

எண்ணெயில் ஊறிக் கறுத்த அட்டையில் ‘நூல்’ என்ற பின்பாதி மட்டும் தெரிந்தது. முன்பாதியை நான் அறிவேன். என் நன்னூற் பிரதியின் மேலட்டை அது. ஒருநாள் அதனைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கி, தந்தையாரைப் பார்த்து, “எழுத்தின் அருமை உங்களுக்கு எங்கே தெரியும்!” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடையாத நாள்கள் அவை. அந்த மாதத்துப் பரீட்சைக் கட்டணமும் அவ்வண்டி ஓடியே வந்தது.

மகளிடம் இதனைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவள் அட்டையை வெயிலிற் காயவைத்து, புதிய தக்கைத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அதே வடிவில் வெட்டினாள். “அப்பப்பா துளைகளைச் சரியாக அளந்திருக்கிறார்” என்றாள்.

உருளைகளைக் கடைந்து அகலமாக்கப் புத்தளத்துப் பட்டறைக்கும், அதற்கேற்ற பெரிய பிஸ்ரன்களைத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கும் அலைந்தோம். செலவு என் சம்பளத்தை மிஞ்சியது. வால்வுகள் எட்டையும் அரைக்கும் பணி என்னுடையது. பசை தடவி, உறிஞ்சு கிண்ணம் பொருத்திய கோலை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே மத்துப்போல் உருட்ட வேண்டும். வால்வின் விளிம்பிற் சாம்பல்நிற வளையம் முழுமையாகத் தோன்றினாற் போதும். ஒன்றுக்கு அரைமணி. விரல்களில் ஏறிய கறுப்போடு வகுப்புக்குச் சென்றேன், மாணவர் சிரித்தனர்.

ஒரு பிழையும் செய்தேன். எரிபொறிக் கம்பிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என நிரல்நிறையாகப் பொருத்திவிட்டேன். கைப்பிடியைத் திருகியதும் வெடிச்சத்தம் கேட்டு நானாவின் ஆடுகள் வேலி பாய்ந்தன. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பதே அவ்வெஞ்சினின் முறையாம். “எல்லாவற்றுக்கும் உங்கள் இலக்கணம் சரிவராது அப்பா.” உண்மைதான்.

உயர்தரப் பிரிவுக்கான படிவத்தை 2022 முடிவதற்குள் அவள் நீட்டினாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டேன். ஆயினும் ஓரத்தில் ஒரு பெருவிரற் கறை படிந்துவிட்டது. பாடசாலையில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த சித்திரை விடுமுறையில் எஞ்சின் உயிர்த்தது. இருமிற்று, நின்றது, மறுபடி பற்றிச் சீராக ஓடிற்று. பெற்றோலில்தான். மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். வளையங்கள் புதியவை, கெட்டுவிடும் என அவளே சொல்லியிருந்தவள். ஒரு நிமிடம் மட்டும் என்றேன். நானா தன் தோட்டத்திலிருந்து ஒரு போத்தல் கொணர்ந்தார். புகை மரமுந்திரிகை மேல் எழுந்தது. அந்நெடி முற்றத்தை நிறைத்தது. நான் திண்ணைக்குப் போகவில்லை.

வண்டி இன்னும் தெருவில் இறங்கவில்லை. தடைக்கட்டைகள் வந்து சேர வேண்டும். பின்சக்கரங்களில் ஒன்று சுழல மறுக்கிறது.