சித்தப்பா காலும் நம்ம ஊர் குழாயும்

எங்கள் சித்தப்பாவுக்குச் சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. முன்பு இரும்புக் கம்பி, தோல்வார், பூட்ஸ் எல்லாம் சேர்ந்த கேலிப்பர் போட்டிருந்தார். இப்போது பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ்வரை ஒரே வெள்ளை பிளாஸ்டிக். அதைத் தட்டிப் பார்த்து, “ஏங்கண்ணு, இது நம்ம ஊரு பி.வி.சி.தானா?” என்று கேட்டார். 1967-லேயே பி.வி.சி. ஆலை வந்த மேட்டூர்க்காரர் வேறெப்படிக் கேட்பார்?

செய்து தந்தவர் அது பாலிபுரொப்பிலீன் என்றார். அவர் வெட்டிப்போட்ட துண்டையும், ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டையும் தண்ணீரில் போட்டேன். குழாய் மூழ்கியது. கேலிப்பர் துண்டு மிதந்தது!

இரண்டுமே கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிகள்தான். ஒன்றுவிட்டு ஒரு கார்பனில், பி.வி.சி.க்குக் குளோரின் தொங்குகிறது. பாலிபுரொப்பிலீனுக்கு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். பி.வி.சி.யின் எடையில் பாதிக்குமேல் குளோரின்! அதனால் அதன் அடர்த்தி சுமார் 1.4, இதற்கு 0.9 தான். (மிதந்ததுமே பாலிபுரொப்பிலீன் என்று முடிவு கட்டாதீர்கள். பாலிஎத்திலீனும் மிதக்கும். ஜெய்ப்பூர் செயற்கைக்காலின் குழாய்ப் பகுதி அதில்தான் செய்கிறார்கள்.)

மெத்தில் தொகுதிகள் தாறுமாறாக இருந்தால் பிளாஸ்டிக் பிசுபிசுவென்று இருக்கும். ஒரே பக்கமாக வரிசையில் நின்றால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கி, விறைப்பாகிவிடும். 1954-ல் இத்தாலியின் நாட்டா இப்படி வரிசைப்படுத்திக் காட்டினார். 1963-ல் நோபல் பரிசும் பெற்றார்.

எடை குறைவது சின்ன விஷயமா? நம்ம அப்துல் கலாம் 1990-களில் ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையில், சுமார் 3 கிலோ கேலிப்பரை இழுத்து நடந்த குழந்தைகளைப் பார்த்தார். ஏவுகணை ஆய்வில் பழகிய கூட்டுப்பொருளைக் கொண்டு 300 கிராமில் செய்து கொடுத்தார்கள்.

சித்தப்பாவின் காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அதிலிருந்து ஒரு பொம்மைக்கால் வார்த்து, சூடாக்கி இளகிய தகட்டை அதன்மேல் படிய வைத்தார்கள். சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சு கிடையாது. சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆறினால் அப்படியே நிற்கும். பி.வி.சி.யை அதிகம் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து தொண்டை எரியும். யாரும் குழாயைக் கொளுத்திப் பார்க்காதீர்கள்!

இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா திடுக்கிட்டார். கேலிப்பரைக் கழுவி அடுப்போரம்தான் காய வைப்பாராம். சூட்டில் கொஞ்சம் வளைந்தாலும் கணுக்காலில் உரசிப் புண்ணாகிவிடும். அன்று முதல் அது திண்ணையில், நிழலில் காய்கிறது.