ஆபிரிக்க வாவி மீன்களும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும்

பொழுதுபோக்கு என்னும் பெயரால் நாம் கைக்கொள்ளுஞ் செயல்களுட் சில, நாளடைவில் நம்மையே மாணவராக்கி விடுகின்றன. அழகுக்காக வீட்டின் ஒரு மூலையில் வைத்த கண்ணாடித் தொட்டியொன்று, ஆண்டுகள் பல இரசாயனங் கற்பித்த எனக்கு அதனை மீண்டுங் கற்பித்த வகையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அத்தொட்டியில் வாழ்வன சிக்கிலிட்டு என்னுங் குடும்பத்தைச் சேர்ந்த ஆபிரிக்க மீன்கள்.

சிக்கிலிட்டுக் குடும்பம் நமக்கு முற்றிலும் புதியதன்று. 1950 களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொணரப்பட்டு, இன்று நம் குளங்களிற் பெருகிச் சந்தைகளில் விற்கப்படுந் திலாப்பியா அக்குடும்பத்து ஆபிரிக்க மீனே. ஆயினும் இக்குடும்பத்தின் சிறப்பு முழுவதும் விளங்குவது விக்ரோறியா, தங்கனீக்கா, மலாவி என்னுங் கிழக்காபிரிக்கப் பெருவாவிகள் மூன்றிலேயாம். இவற்றுட் பின்னைய இரண்டும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் அமைந்தவை. தங்கனீக்காவின் ஆழம் ஏறக்குறைய 1,470 மீற்றர். உலகில் அதனினும் ஆழமுடைய வாவி பைக்கால் ஒன்றே. 1859 ஆம் ஆண்டில் லிவிங்ஸ்ரன் சென்றடைந்து, நெடுங்காலம் நியாசா எனப் பெயர் வழங்கிய வாவியே மலாவி. அதன் ஆழம் ஏறக்குறைய 700 மீற்றர். அவ்வொரு வாவியில் மட்டும் 500 இற்கு மேற்பட்ட சிக்கிலிட்டு இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெந்த நீர்நிலையிலுங் காணப்படாதவை.

ஒரே வாவியில் இத்துணை இனங்கள் தோன்றியது எங்ஙனம்? காரணங்கள் பல கூறப்படும். அவற்றுள் ஒன்று இம்மீன்களின் தொண்டையில் அமைந்த இரண்டாவது தாடை. உணவை நொறுக்கும் வேலையை அது ஏற்றுக்கொள்வதால், வாய்த்தாடை உணவைப் பற்றுந் தொழிலுக்கு ஏற்பப் பலவாறாக மாறுபட இயன்றது. பாறையிற் படிந்த பாசியைச் சுரண்டுவன சில; நத்தையை உடைப்பன சில; தங்கனீக்காவிலோ பிற மீன்களின் செதிலைப் பிய்த்துண்ணும் இனமும் உண்டு. அவ்வினத்திற் சிலவற்றின் வாய் இடப்புறமும் சிலவற்றின் வாய் வலப்புறமுஞ் சாய்ந்திருக்கும். எப்பக்கத்து வாய் பெருகுகின்றதோ அப்பக்கத் தாக்குதலுக்கு இரைமீன்கள் விழிப்பாகிவிடுதலின், எண்ணிக்கையிற் குறைந்த மற்றைப் பக்கத்தன நன்மை பெறும். இவ்வாறு இரண்டுஞ் சமநிலையில் நிற்பதை ஜப்பானிய அறிஞர் மிச்சியோ ஹோரி 1993 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

மலாவியின் பாறைக் கரைகளில் வாழ்வன 'எம்பூனா' எனப்படும். அக்கரையில் வாழும் தொங்கா மக்களின் மொழியில் இதற்குப் பாறைமீன் என்பது பொருள். இவ்வகையைச் சேர்ந்த மஞ்சள் நிற மீன்கள் எட்டினை யான் வாங்கி, 200 இலீற்றர் கொண்ட புதுத் தொட்டியில், நீர் நிரப்பிய மறுநாளே விட்டேன். பத்து நாளில் ஐந்து இறந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரென்று கருதியதே என் பிழை.

மீனின் கழிவு அமோனியாவாகும். ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறுவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இவை வடிகலத்தின் பஞ்சிலும் கல்லிலும் பற்றிப் பெருக நான்கு முதல் ஆறு வாரஞ் செல்லும். அதுவரை தொட்டி தன் நஞ்சைத் தானே தேக்கிவைக்கும். அன்றியும், அமோனியா நீரில் இருவடிவில் நிற்கும். அமோனியம் அயன் அத்துணைத் தீங்கில்லாதது. அயனாகாத அமோனியாவே கொல்லும் நஞ்சு. பீஎச் பெறுமானம் 7 ஆயின் கொல்லும் பகுதி நூற்றில் ஒன்றினுங் குறைவு, 8.5 ஆயின், 25 பாகை வெப்பநிலையில், அது நூற்றில் ஏறக்குறைய 15 ஆகும். மலாவி மீன்கள் விரும்புவது காரத்தன்மையுள்ள வன்னீரை. எனவே அவற்றுக்கு இனிய நீரே, கழிவு தேங்குமாயின், அவற்றுக்குக் கொடிய நீருமாகின்றது. இச்சமநிலையை யான் ஆண்டுதோறும் வகுப்பிற் கரும்பலகையில் எழுதியவன். எழுதியதை என் வீட்டில் நினைந்தேனல்லேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லால் ஆயதாதலின், நம் கிணற்று நீர் இயல்பாகவே வன்னீர். இம்மீன்களுக்கு அது பெரிதும் ஏற்றது. ஆயினும் தோட்டநிலங்களை அடுத்த கிணறுகளில் உரத்தினின்று இறங்கிய நைத்திரேற்று மிகுந்திருத்தல் கூடுமாகையால், சோதித்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தின்மேல் நேரே அமர்த்திய பின்னரே மணலைப் பரப்புக. மணல்மேல் வைத்தால், இவை தோண்டும் இயல்பினவாதலின் பாறை சரியும். பாசியுண்ணும் இனங்களுக்கு ஊனுணவை மிகுதியாக இடின் வயிறு வீங்கி இறக்கும். ஆணொன்றுக்குப் பெண் பலவாக வைத்தாற் போர் குறையும்.

எஞ்சிய மூன்றுக்குத் துணையாகப் பின்னர்ச் சிலவற்றைச் சேர்த்தேன். ஒருநாட் பெண்மீன் ஒன்று உணவை மறுத்து ஒதுங்கி நின்றது. மீண்டும் நோயோ என அஞ்சினேன். உற்று நோக்கிய பின்னரே அதன் வாய் முட்டைகளால் நிறைந்திருந்தமை புலனாயிற்று. இவ்வினத் தாய், முட்டைகளையும் அவற்றினின்று வெளிவருங் குஞ்சுகளையும் ஏறக்குறைய மூன்று வாரம் வாயினுள்ளே காக்கும். அக்காலத்தில் உண்பது அரிது. இருபத்து மூன்றாம் நாள் பதினொரு குஞ்சுகள் வெளிப்பட்டன. மெலிந்த அத்தாயை வீட்டார் அனைவரும் நின்று பார்த்தனர்.

ஈராண்டிற் குஞ்சுகள் பெருகித் தொட்டிக்குள் அடங்காவாயின. "ஐயா, இவற்றைக் கோயிற் கேணியில் விட்டால் என்ன?" என மாணவன் ஒருவன் வினவினான். அன்பினால் எழுந்த வினாவே அது. அவனுக்கு விக்ரோறியா வாவியின் கதையைக் கூறினேன். மீன்பிடியைப் பெருக்கும் நோக்குடன் 1950 களில் நைல் பேர்ச்சு என்னும் பெருமீன் அவ்வாவியில் விடப்பட்டது. 1980 களில் அது மிகப் பெருகிற்று. அதனாலும் நீர் மாசுற்றமையாலும் ஏறக்குறைய 200 சிக்கிலிட்டு இனங்கள் மறைந்தன என ஆய்வாளர் மதிப்பிடுவர். தப்பியவற்றுட் சில விலங்கியற் பூங்காக்களிலும் ஆர்வலரின் தொட்டிகளிலும் பேணப்பட்டு வருகின்றன. நம் நாட்டுக்கேயுரிய நன்னீர் மீன்களும் பல உள. கேணியில் இன்று விடுவது மாரி வெள்ளத்தோடு நாளை எங்குச் செல்லும் என்பதை யார் அறிவார்?

அவன் சிறிது நேரம் வாளாவிருந்து, பின் தன் வீட்டில் தொட்டி வைக்கலாமோ என்றான். முதலில் ஆறு வாரம் வெறும் நீரை வைத்துச் சிறிது சிறிதாக அமோனியாவை இட்டுச் சோதித்து வரச் சொன்னேன். ஏழாம் வாரம் ஆறு குஞ்சுகளைக் கொண்டு சென்றான். அவற்றுள் ஒன்றேனும் இறக்கவில்லை.