காணாமற்போன டிஸ்க்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குகிற நாட்களிலேதான் கல்லூரிகளும் திறக்கின்றன, ஆகவே அருவியை நாடி வருகிற கூட்டம் ஒருபுறமிருக்க, புதிதாக வாங்கிய மடிக்கணினியையோ, அண்ணன் படித்து முடித்து விட்டுச்சென்ற பழையதையோ கையில் ஏந்திக்கொண்டு, "அண்ணாச்சி, விண்டோஸ் போடப் போனேன், டிஸ்க்கே காமிக்க மாட்டேங்குது" என்று தென்காசிக் கடைகளில் முறையிடுகிற மாணவ மாணவியரையும் அந்தப் பருவத்தில் காணலாம். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று நிச்சயித்துக்கொண்டே அவர்களுள் பலர் வருகிறார்கள். ஆனால் பல சமயங்களில் டிஸ்க் பூரண சௌக்கியத்தோடுதான் இருக்கிறது. அதனோடு பேசத் தெரியாமல் நிற்பது, புதிதாக உள்ளே நுழைய வந்த விண்டோஸே.

கணினியின் ஒவ்வோர் அங்கமும், டிஸ்க்காயினும் வைஃபையாயினும் ஒலிக்கருவியாயினும், தன்னைச் செய்த கம்பெனி வகுத்த முறைப்படியே கட்டளைகளை ஏற்கும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில், மலையாளமும் தமிழும் ஒருங்கே அறிந்த ஒருவர் இரு தரப்பாருக்கும் நடுவே நின்று வியாபாரத்தை முடித்துவைப்பது போல, இயங்குதளத்துக்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கும் துபாஷியே டிரைவர் என்னும் சிறு மென்பொருள். விண்டோஸ் போடும் பென் டிரைவிலே எத்தனையோ டிரைவர்கள் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அதில் இடம்பெறாத சாதனம் எதிர்ப்படும்போது, அது அங்கே இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இந்த வியாதி புதிதன்று. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, பின்னர் பரவிய சாட்டா என்னும் இணைப்பு முறை டிஸ்க்குகளைக் கண்டு திகைத்தபோது, எஃப்6 விசையை அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியில் வைத்து ஊட்டவேண்டியிருந்தது. அதே கதை 2020-இல் வந்த இன்டெல் பதினோராம் தலைமுறை மடிக்கணினிகளோடு திரும்பி வந்தது. அவற்றுள் பலவற்றில் டிஸ்க், வி.எம்.டி. எனப்படும் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது; முன்னே நிற்கும் அந்த அமைப்பை அறியாத விண்டோஸ், பின்னே இருக்கும் டிஸ்க்கையும் அறியாமல், வெறும் பட்டியலைக் காட்டி நின்றுவிடுகிறது.

முதற்காரியமாக, கணினியைத் தொடங்கும்போதே, விண்டோஸுக்கு முன்பாக எழும் பயாஸ் என்னும் அமைப்புத் திரைக்குள் சென்று, டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அங்கேயே தெரியாவிட்டால் டிஸ்க்கையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க நியாயமுண்டு. பயாஸில் தெரிந்து விண்டோஸில் மாத்திரம் தெரியாவிட்டால் பெரும்பாலும் டிரைவரே குறை. அப்போது வேறொரு கணினியில், மடிக்கணினி கம்பெனியின் தளத்தில் நமது மாடல் எண்ணைக் கொடுத்து, இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்னும் டிரைவரைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான்: வந்த கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு, "அதுவும் வேலை செய்யவில்லை" என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அதைப் பிரித்து, ஐ.என்.எஃப். என்று பெயர் முடிகிற கோப்பு வெளிப்படையாகத் தெரியும் ஃபோல்டராக வைத்தால்தான் நிறுவும் நிரல் அதைப் படிக்கும். பிறகு டிஸ்க் கேட்கும் திரையில் 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், மறைந்திருந்த டிஸ்க் பட்டியலில் பிரத்தியட்சமாகும்.

பயாஸிலே வி.எம்.டி.யை அணைத்துவிடுவது இன்னோர் உபாயம். சில ஏசர் மடிக்கணினிகளில் அந்த வரியே மறைந்திருக்கும். பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தினால் வெளிப்படும். இந்த உபாயத்தில் ஓர் அபாயமும் உண்டு. ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் இதைத் தொட்டால், அந்தப் பழைய விண்டோஸ் எழும்பாமலே போகலாம்; பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியைக் கேட்டு வழிமறிக்கவும் கூடும். கடைக்காரர் இதை முன்னதாகச் சொல்லிவிடுவது தர்மம்.

டிஸ்க் கிடைத்து விண்டோஸ் ஏறிய பின்பு, வைஃபை இல்லை என்ற குறை எழும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சங்கடத்துக்கு, கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, அதன் இன்டர்நெட்டைக் கணினிக்குப் பகிரும் யு.எஸ்.பி. டெதரிங் செய்வதே பெரும்பாலும் எளிய பரிகாரம். இன்ன சாதனம் என்றே விளங்காதபோது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியிட்ட வரியின் விவரங்களைத் திறந்து, 'ஹார்டுவேர் ஐடி' என்பதைப் பார்க்கவேண்டும். அங்கே 8086 என்றிருந்தால் இன்டெல். 1978-இல் அக்கம்பெனி வெளியிட்ட பிரசித்தமான சிப்பின் எண்ணே அது. 10இசி என்றிருந்தால் ரியல்டெக். பெயர் அழிந்த சாதனமும் தன் குலத்தை இவ்வாறு அறிவித்துவிடுகிறது.

தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளை நினைக்கும்போது இந்த அறிவின் அவசியம் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. அவற்றின் முதல் தொகுதிகள், விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும் தாங்கி வந்தவை. புதிய விண்டோஸுக்கு அவை ஈடுகொடுக்க மாட்டா. இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், நல்ல நிலையில் உள்ளவை எழுத்து வேலைக்கு இன்றும் உதவும். லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் அதன் மையநிரலோடு சேர்ந்தே வருவதால் தொல்லை குறைவு. வைஃபை போன்ற சாதனங்களுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காதிருந்த டெபியன் என்னும் லினக்ஸும், 2022-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அவற்றைச் சேர்த்துவிட்டது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, வைஃபையும் டச்பேடும் ஒலியும் இயங்குகின்றனவா என்று சோதித்த பிறகே டிஸ்க்கைத் தொடலாம்.

உலகெங்கும் செல்லும் மென்பொருளை ஜோஹோ நிறுவனத்தார் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இருந்துகொண்டே எழுதுகிறார்கள். அதே வட்டாரத்தில், டிரைவர் இல்லை என்ற காரணத்துக்காக நல்ல டிஸ்க் ஒன்று கழற்றி எறியப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய விண்டோஸை அழிக்கத் துணிகிற எவரும், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே 'டிஸ்ம்' என்னும் கட்டளையால், தனியாக ஏற்றப்பட்ட டிரைவர்கள் யாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கு நகலெடுத்து, மாடல் எண்ணை அதன் மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சில நிமிஷங்களுக்கு மேல் ஆவதில்லை.