உயிர்க் கரிமம் – 6: பிறந்த இடமா, அமைந்த விதமா?

மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்குபவர்கள் ‘இது இயற்கையா, செயற்கையா?’ என்று கேட்பது இன்று சகஜமாகிவிட்டது. உடம்புக்குள் போகும் பொருளைப் பற்றிய அக்கறை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்த அக்கறை நியாயமானது. ஆனால், அந்தக் கேள்வியால் நமக்குத் தேவையான பதில் கிடைக்காது. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று உயிர்களை ஆக்கியிருக்கும் கரிம மூலக்கூறுகளைக் கடந்த வாரங்களில் பார்த்தோம். அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. ஒரு மூலக்கூறு செடியில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்பது அதன் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. எந்த அணு எந்த அணுவோடு, எந்தத் திசையில் பிணைந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்த வாரம் அதற்கான சான்றுகளையும் எதிர்வாதங்களையும் எடுத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயிருள்ளவற்றின் பொருள்களை உயிர்தான் உண்டாக்க முடியும், அதற்கென்று ஓர் உயிர்விசை இருக்கிறது என்று பெரிய வேதியியல் அறிஞர்களே நம்பினார்கள். 1828-இல் பெர்லினில் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றார். கரைசலைச் சூடாக்கி வற்றவைத்தபோது அவருக்குக் கிடைத்தது யூரியா. மனிதரின் சிறுநீரில் தினமும் வெளியேறும் அதே யூரியா. சிறுநீரகத்தின் உதவியில்லாமலே யூரியாவைச் செய்துவிட்டதாகத் தன் ஆசிரியர் பெர்சீலியசுக்கு அவர் எழுதினார். பாடப்புத்தகங்கள் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுகின்றன. என் பார்வையில் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அம்மோனியம் சயனேட்டிலும் சரி, யூரியாவிலும் சரி, ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள்தான். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. சூடு அணுக்களை இடம் மாற்றியது, அவ்வளவே. அந்த இடமாற்றத்தால் ஓர் உப்பு, உயிரின் கழிவுப்பொருளாகவே மாறிவிட்டது.

வோலரின் சயனேட்டும் விலங்குப் பொருளிலிருந்து வந்ததுதானே, உயிர்விசையின் எச்சம் அதில் இருந்திருக்கலாமே என்று அன்றே கேட்கப்பட்டது. சரியான கேள்வி. அந்தக் காலத்தில் சயனேட் உப்புகளுக்கான மூலப்பொருளை இரத்தம், கொம்பு போன்றவற்றைக் கரித்துத்தான் எடுத்தார்கள். வோலரே இந்த இடைவெளியை அறிந்திருந்தார். 1845-இல் ஹெர்மன் கோல்பே, உயிரோடு தொடர்பில்லாத கார்பன் டைசல்பைடில் தொடங்கிப் படிப்படியாக அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, உண்டாக்கிக் காட்டியபோது அந்த இடைவெளி அடைபட்டது. உயிர்விசைக் கொள்கை ஒரே நாளில் சாகவில்லை. ஒவ்வொரு மூலக்கூறாக அதன் கையை விட்டு நழுவிப் போயிற்று.

இதையே தலைகீழாகவும் சோதித்துப் பார்க்கலாம். பிறந்த இடம் ஒன்றாகவே இருந்து, அமைப்பு மட்டும் வேறானால் என்ன ஆகும்? நெற்பயிரைப் பாருங்கள். அரிசியில் இருப்பது ஸ்டார்ச். வைக்கோலில் அதிகம் இருப்பது செல்லுலோஸ். இரண்டும் ஒரே பயிரில், ஒரே வெயிலில், ஒரே குளுக்கோஸைக் கோத்துச் செய்யப்பட்டவை. ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இணைகின்றன, சங்கிலி சுருளாக வளைகிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி அதை வெட்டிவிடுகிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிப்புத் தட்டுவது அதனால்தான். செல்லுலோஸில் ஒவ்வோர் அடுத்த குளுக்கோஸும் புரண்டு நிற்கிறது. சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி நாராகிறது. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு பிணைப்பின் திசை மாறியதால் ஒன்று நமக்கு உணவாகவும் இன்னொன்று மாட்டுக்குத் தீவனமாகவும் பிரிந்துவிட்டது.

இனி, இதுவரை வந்ததிலேயே வலுவான எதிர்வாதம். மனிதனின் இரண்டு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் மூலக்கூறுகள் உண்டு. உயிர்கள் பெரும்பாலும் ஒரு வகையை மட்டுமே செய்கின்றன, சாதாரண ஆய்வகமோ இரண்டையும் சரிபாதியாகக் கலந்து தருகிறது. 1848-இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலப்பக்கம் பட்டை சாய்ந்தவற்றையும் இடப்பக்கம் சாய்ந்தவற்றையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கமும், மற்றது இடப்பக்கமும் திருப்பியது. முதிய அறிஞர் பியோ நம்பவில்லை. தானே வேதிப்பொருள்களைக் கொடுத்து, தன் கண் முன்னால் மறுபடி செய்யச் சொல்லி, அதன் பிறகே ஏற்றுக்கொண்டார். ஆக, உயிருக்கென்று ஏதோ ஒரு தனித்தன்மை இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. ஆனால் அதுவும் அமைப்பின் தனித்தன்மையே. இந்த வேறுபாட்டை மூக்கால் அறியலாம். புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற மூலக்கூறு. சதகுப்பை விதையின் மணத்துக்குக் காரணமும் கார்வோன்தான், புதினாவில் இருப்பதன் கண்ணாடிப் பிம்பம். அணு எண்ணிக்கை ஒன்று, பிணைப்புகளின் வரிசை ஒன்று, பிறப்பிடமும் இரண்டுக்கும் செடிதான். ஆனாலும் இரண்டையும் யாரும் மாற்றி முகர்வதில்லை. மணத்தை உணரும் புரதங்களே ஒரு கைப்பக்கம் கொண்டவை. உயிர் ஒரு வகையை மட்டும் செய்வதும் இதே காரணத்தால்தான், அதன் நொதிகளும் ஒரு கைப்பக்கம் கொண்டவை. மனிதரும் அப்படிப்பட்ட வினையூக்கிகளைச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2001-இன் வேதியியல் நோபல் பரிசு நோல்ஸ், நோயோரி, ஷார்ப்லெஸ் மூவருக்கும் அதற்காகத்தான் கிடைத்தது. நோல்ஸின் முறையில் ஆலையில் தயாரானது எல்-டோபா, பார்க்கின்சன் நோய்க்கான மருந்து. அதே எல்-டோபா நம் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. இரண்டும் மூளைக்குள் ஒரே வேலையைச் செய்கின்றன. அதன் கண்ணாடிப் பிம்பமான டி-டோபாவோ நோயாளிக்கு உதவாது.

இன்னொரு தடையும் உண்டு. பிறப்பிடம் மூலக்கூறில் தடயம் விடுவதில்லையா? விடுகிறது. வெனிலாக் காயின் வெனிலினில் காற்றிலிருந்து வந்த கதிரியக்கக் கார்பன்-14 சிறிதளவு இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்த வெனிலினில் இருக்காது, அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து முடிந்திருக்கும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. காய்க்கு உரிய விலை கொடுத்தவர் ஏமாறக் கூடாது என்பதால் அந்தச் சோதனை அவசியமானது. ஆனால் அது பார்ப்பது அணுக்கருவை. நாக்கும் நொதியும் பார்ப்பது மூலக்கூறின் வடிவத்தை. இயற்கை வெனிலாவின் மணம் செறிவாக இருப்பதற்குக் காரணம், அதில் வெனிலினோடு வேறு பல பொருள்களும் இருப்பதே. நெல்லிக்காய்க்கும் இது பொருந்தும். நெல்லிக்காய் சாப்பிடுவதும் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றல்ல. காயில் நாரும் துவர்ப்புப் பொருள்களும் கூடவே வருகின்றன. காயையே சாப்பிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த வேறுபாடு கூட்டாளிகளால் வருவது. வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் இரண்டிலும் ஒன்றே.

அமைப்பு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அஸ்கார்பிக் அமிலமே சாட்சி. பதப்படுத்திய இறைச்சியின் நிறம் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் எரித்தார்பிக் அமிலம் அணுக்களின் எண்ணிக்கையில் அதற்குச் சமம். ஒரேயொரு கார்பனைச் சுற்றியுள்ள அமைப்புதான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் ஆற்றல் அதற்குப் பெரும்பாலும் இல்லை. வைட்டமின் ஈ-யில் நிலைமை வேறு. அங்கே ‘இயற்கையா?’ என்று கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. செடியில் உண்டாகும் ஆல்பா-டோகோஃபெரால் ஒரே வடிவம். வழக்கமான ஆலைத் தயாரிப்பு எட்டு வடிவங்களின் கலவை. நம் கல்லீரலில் உள்ள ஒரு புரதம் அவற்றில் பாதியை ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறது. ஆகவே மாத்திரை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ‘இயற்கை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். வைட்டமின் சி என்றால் எல்-அஸ்கார்பிக் அமிலம் என்றிருந்தால் போதும், அது எங்கே பிறந்தது என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. வைட்டமின் ஈ என்றால் ‘டி-ஆல்பா’வா, ‘டிஎல்-ஆல்பா’வா என்று பாருங்கள். ‘டிஎல்’ என்றிருந்தால் அது எட்டு வடிவக் கலவை.

(தொடரும்)