புட்டிக்குள் அடங்கிய வாயுவும் பொக்காளி வயலும்

கொச்சியை அடுத்த கும்பளங்கி, காயல் நீரால் சூழப்பட்ட சிற்றூர். இப்பகுதியில் பருவமழை உப்பு நீரைக் கழுவிச் செல்லும் ஜூன் முதல் அக்டோபர் வரை பொக்காளி நெல்லும், உவர்நீர் திரும்பும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறாலும் ஒரே வயலில் விளைவது மரபு. நீர் தேங்கிய இத்தகைய வயல்களின் சேறு எவ்வளவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது என்பது இன்று முக்கியமான வினாவாகும். 100 ஆண்டுக் கணக்கில், மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பத்தைத் தேக்கக் கூடியது.

இவ்வினாவிற்கு விடை காண உதவும் எளிய முறை, மூடிய புட்டிச் சோதனை. வயலின் ஈர மண்ணைச் சிறிதளவு கண்ணாடிப் புட்டியிலிட்டு, நீர் சேர்த்து, உள்ளிருக்கும் காற்றை நைட்ரஜனால் அகற்றுவர். தடித்த ரப்பர் அடைப்பானைப் பொருத்தி, அதன்மேல் அலுமினிய வளையத்தை இறுக்குவர். குறித்த வெப்பநிலையில் சில நாட்கள் வைத்தபின், மேற்புற வெளியில் திரண்ட வாயுவே ஆய்வுக்குரிய மாதிரி.

அதனை எடுப்பதில்தான் கவனம் தேவை. முதலாவதாக, சேற்றில் சிக்கிய வாயு வெளிவரும்படி புட்டியை நன்கு குலுக்க வேண்டும். இரண்டாவதாக, அடைப்பு வால்வுள்ள ஊசிக்குழலை நைட்ரஜனால் பலமுறை அலசுதல் வேண்டும். சாதாரணக் காற்றிலேயே பத்து லட்சத்தில் சுமார் 1.9 பங்கு மீத்தேன் உள்ளதால், குழலில் தங்கிய காற்றும் கணக்கைக் கெடுக்கும். மூன்றாவதாக, எடுத்த அளவு நைட்ரஜனைப் புட்டியினுள் திரும்பச் செலுத்த வேண்டும். இல்லையேல் உள்ளழுத்தம் குறைந்து, ஊசி துளைத்த வழியே வெளிக்காற்று புகக்கூடும்.

இவ்வாறு ஈடு செய்வதிலும் ஒரு கணக்கு உண்டு. மேற்புற வெளி 100 மில்லிலிட்டர் எனக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 5 மில்லிலிட்டர் எடுத்து அதே அளவு நைட்ரஜன் சேர்த்தால், ஐந்து முறைக்குப் பின் முதலில் இருந்த வாயுவில் 77 விழுக்காடே எஞ்சும். இந்நீர்ப்பைத் திருத்தாவிடில் முடிவு குறைவாகவே காட்டும். மண்ணிடாத புட்டியொன்றை உடன் வைப்பதும், அளவறிந்த வாயுவைக் கொண்டு வாயுக் குரோமட்டோகிராப் கருவியைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.

இத்தனை நுணுக்கமும் எதற்கு? மேலை நாடுகளில் எடுத்த அளவுகளை விரித்துக் கணக்கிட்டு, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கு மேல் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு காலத்தில் மதிப்பிட்டது. தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் முன்னின்று 1991இல் பல மாநிலங்களில் நேரடியாக அளந்தபோது, அது சுமார் 40 லட்சம் டன் மட்டுமே எனத் தெரிய வந்தது. அங்கும் வயலில் கவிழ்த்த பெட்டிகளிலிருந்து வாயுவைப் பிழையின்றி எடுப்பதே அடிப்படையாக அமைந்தது. சரியான அளவீடு இல்லாதிருந்தால், உழவர்மீது பொருந்தாத பழி சுமந்திருக்கும்.

பொக்காளி வயலுக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிகள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய உணவை முந்திக் கொள்கின்றன. எனவே உவர் சேற்றில் மீத்தேன் பொதுவாகக் குறைகிறது. ஆனால் மழைக்காலத்தில் உப்பு நீங்கியதும் நிலை மாறக்கூடும். ஆதலின் நெற்பருவத்திலும் இறால் பருவத்திலும் தனித்தனியே மாதிரி எடுத்தல் வேண்டும். ஒரு பருவத்தின் அளவை ஆண்டு முழுமைக்கும் நீட்டுவது பழைய பிழையைச் சிறிய அளவில் மீண்டும் செய்வதாகும்.

இரசாயன உரமின்றி விளையும் பொக்காளி நெல், ஆட்குறைவாலும் குறைந்த வருவாயாலும் சுருங்கி வருகிறது. அதனைக் காக்கும் திட்டங்கள் உறுதியான எண்களின்மீது எழ வேண்டும். அவ்வெண்கள் பிறப்பது, பழுதின்றி மூடிய ஒரு சிறு புட்டியிலும் அதைத் துளைக்கும் ஊசியைப் பிடித்த கையின் பொறுமையிலுமே.